45 ஜோடிக்கு 112 ரூபாயா? ஒரு கூலிக் கணக்குப் பிழையும் அதைப் பிடித்த திறமூலக் கருவிகளும்

ஒரு சனிக்கிழமை மதியம் ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சூப்பர்வைசர் போன் செய்தார். ஷூவின் மேல்பாகத்தை, அங்கே சொல்வதுபோல் 'அப்பர்', தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் அது.

"சார், இங்க ஒரு அக்கா மூணு வாரமா கூலி ஒரு ரூபா ரெண்டு ரூபா குறையுதுன்னு சொல்றாங்க. நம்ம சாஃப்ட்வேர் சீட்டுதான். கொஞ்சம் பாருங்க."

"ரவுண்டிங்கா இருக்கும் சார், ஒரு ரூபாதானே" என்று சொல்லிவிட்டேன். அவர் போனை அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டார். "ஒரு ரூபான்னா கிட்டத்தட்ட அரை ஜோடி வேலை சார்" என்றார் அவர். அவருக்கு ஜோடிக்கு 2 ரூபாய் 50 காசு. அவர் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் முதல் காரணம்.

நாங்கள் காட்பாடியில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்யும் நான்கு பேர். பீஸ் ரேட்டில் கூலி கொடுக்கும் தோல் பொருள் யூனிட்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். நிரல் பைத்தான் என்ற மொழியில், தரவு போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில். வாடிக்கையாளர்கள் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம். 2019 வரை இவை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். இப்போது ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்றாக இருக்கின்றன. வடஆற்காடு என்று பழைய பெயரைச் சொன்னால்தான் வயதான முதலாளிகள் சிலருக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

மென்பொருள் செய்வது எளிய வேலைதான். ஒருவர் ஒரு நாளில் எந்த வேலையை எத்தனை ஜோடிக்குச் செய்தார் என்று சூப்பர்வைசர் பதிவார். ஜோடியை ரேட்டால் பெருக்கி, வரிக்கு வரி முழு ரூபாயாக்கி, வாரக் கடைசியில் கூட்டிச் சீட்டு அடிக்கும். 50 காசோ அதற்கு மேலோ வந்தால் அடுத்த ரூபாய். இது அந்த யூனிட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம்.

முதல் தேடல் ஏன் தோற்றது

திங்கட்கிழமை முழுக்கத் தேடினோம். 40 ஜோடி போட்டுப் பார்த்தோம், 100 ரூபாய், சரி. 50 ஜோடி, 125 ரூபாய், சரி. குழுவில் ஒருவர் சும்மா 47 போட்டார். 117 ரூபாய் 50 காசு, 118 ஆனது. அதுவும் சரி. சாயங்காலம் சூப்பர்வைசருக்கு போன் செய்து "எங்க பக்கம் கணக்கு சரியாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டோம்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அந்த அக்கா வைத்திருக்கும் 40 பக்க நோட்டின் ஒரு பக்கம். நாள், வேலை, ஜோடி, ரூபாய் என்று நான்கு பத்தி, பால்பாயின்ட் பேனாவில். சீட்டோடு ஒத்துப்போன வாரங்களுக்கு டிக். ஒத்துப்போகாத நாட்களுக்குச் சின்னதாய் ஒரு வட்டம். வட்டம் போட்ட வரிகளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது: 45, 49, 53. வட்டம் போடாதவை: 47, 51, 44, 48.

45 ஜோடிக்கு 112.50. சீட்டில் 112. 49-க்கு 122.50. சீட்டில் 122. ஆனால் 47-க்கு 117.50, சீட்டில் 118. இரட்டைப்படை ஜோடிகளில் காசே வராது, அதனால் பிழையும் வராது. ஒற்றைப்படை ஜோடிகளில் ஒன்று விட்டு ஒன்றில் ஒரு ரூபாய் காணாமல் போகிறது. நாங்கள் சோதித்த எண்கள் 40, 50 என்று நமக்கு வசதியான எண்கள். தற்செயலாகப் போட்ட ஒரே ஒற்றைப்படை எண்ணும் தப்பிக்கிற பக்கம் விழுந்திருந்தது.

இப்போது பிழையின் வடிவம் தெரிந்துவிட்டது. எங்கே, எப்போது, ஏன் என்பது தெரியாது. நிரலாளரின் நாளில் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளில்தான் கரைகிறது என்பது என் அனுபவம். 'வேலையை வேகமாக்கும் கருவி' என்று சொன்னவுடன் வேகமாகத் தட்டச்சு செய்ய உதவும் கருவியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். எங்களைக் காப்பாற்றியவை தேடும் நேரத்தைக் குறைத்த கருவிகள். எல்லாமே இலவசமாக, மூல நிரலோடு கிடைப்பவை.

137 மாற்றங்கள், 8 கேள்விகள்

நோட்டில் இருந்த டிக் எங்களுக்கு இன்னொரு உதவியும் செய்தது. கடைசியாக ஒத்துப்போன வாரம் எது என்று அதுவே சொன்னது. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி கிட். அந்த வாரம் யூனிட்டில் ஓடிய பதிப்புக்கு நாங்கள் கிட்டில் ஒரு டேக், அதாவது அடையாளப் பெயர், போட்டு வைத்திருந்தோம். அந்தப் பதிப்புக்கும் இப்போதைய பதிப்புக்கும் நடுவே 137 கமிட்கள், அதாவது பதிந்து வைத்த மாற்றங்கள்.

கிட்டை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனதுதான் காரணம். ஆயிரக்கணக்கானவர்கள் மாற்றம் அனுப்பும் ஒரு திட்டத்தில், 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்ற புகார் தினமும் வரும். அதற்காகவே அதே ஆண்டில் பைசெக்ட் என்ற கட்டளையும் சேர்ந்தது.

பைசெக்ட் செய்வதை எங்கள் தெருவில் குழாய் பார்க்க வருகிறவர் தினமும் செய்கிறார். தெருக்கோடியில் தண்ணீர் வரவில்லை, தொட்டிப் பக்கம் வருகிறது என்றால் அவர் வீடு வீடாகப் போக மாட்டார். நடு வீட்டுக் குழாயைத் திறப்பார். வந்தால் அடைப்பு அதற்கு அப்பால். வராவிட்டால் இந்தப் பக்கம். மீதியில் மறுபடி நடு. 137 வீடு உள்ள தெருவென்றால் அதிகபட்சம் 8 குழாயைத் திறந்தால் போதும்.

முதல் இரண்டு படிகளைக் கையால் செய்தோம். மூன்றாவதில் ஒரு பழைய கமிட் ஓடவே இல்லை, டேட்டாபேஸ் அமைப்பு மாறியிருந்தது. அங்கே நிறுத்தி, தானாக ஓடும் 'பைசெக்ட் ரன்' முறைக்கு மாறினோம். 12 வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல். 45 ஜோடியை 2.50 ரேட்டில் கணக்கிடு. 113 வந்தால் 0 (சரி) என்ற எண்ணோடு வெளியேறு, இல்லாவிட்டால் 1 (தப்பு). நிரல் ஓடவே முடியாவிட்டால் 125. இந்த 125 முக்கியம். 'இந்தக் கமிட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, பக்கத்துக் கமிட்டைப் பார்' என்று கிட் அதைப் புரிந்துகொள்ளும்.

ஸ்கிரிப்ட் எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓடி முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் நான்கு பேர் கண்ணால் படித்துக் கண்டுபிடிக்க முடியாததை, திரையில் ஒரே ஒரு கமிட் எண்ணாகக் காட்டி நின்றது.

38 ஃபைல்களுக்குள் ஒளிந்த ஒரு வரி

அந்தக் கமிட்டின் குறிப்பு: 'சின்னச் சின்னத் திருத்தங்கள்'. 38 ஃபைல்கள் மாறியிருந்தன. செய்தவர் எங்கள் குழுவில் இளையவர், கல்லூரி முடித்துச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். முகம் வெளுத்துப்போய் "அண்ணா, இது நான் பண்ணதுதான்" என்றார். ஓகே சொன்னவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. அது என் பெயர். "இதைப் பார்த்து அனுப்புனது நான்தான் தம்பி, உட்காரு, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

நிரலை ஒரே சீராக அடுக்கித் தரும் பிளாக் என்ற கருவியை அவர் எல்லா ஃபைல்களிலும் ஓட்டியிருந்தார். அது நல்ல காரியம். பிளாக் இயல்பாகவே, மாற்றும் முன்பும் பின்பும் நிரலின் இலக்கண அமைப்பு சமமாக இருக்கிறதா என்று சரிபார்க்கும். அடுக்கும்போது பொருளை மாற்றாது. ஆனால் அதே கமிட்டில் அவர் கையாலும் சில இடங்களைச் சுத்தம் செய்திருந்தார். இரண்டும் கலந்து, ஆயிரக்கணக்கான வரிகள் சிவப்பும் பச்சையுமாக வந்தபோது நான் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

டிஃப்டாஸ்டிக் என்ற கருவி இங்கே கைகொடுத்தது. வழக்கமான ஒப்பீடு வரிக்கு வரி பார்க்கும். வரி உடைந்து இரண்டானாலே மாற்றம் என்று காட்டும். டிஃப்டாஸ்டிக் நிரல்மொழியின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு ஒப்பிடுவதால் வெறும் அடுக்கு மாற்றங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். 38 ஃபைல்களில் உண்மையான மாற்றம் 6 இடங்களில்தான். அதில் ஒன்று இது. பழைய நிரல், தொகையோடு அரை ரூபாய் கூட்டி, காசை வெட்டி எறிந்தது. 112.50 கூட்டல் 0.50 என்றால் 113. பார்க்க அழகாக இல்லை, ஆனால் சரியான கணக்கு. அதை எடுத்துவிட்டு, பைத்தானில் இருக்கும் ரவுண்ட் என்ற செயற்கூற்றை (ஃபங்ஷன்) போட்டிருந்தார். பத்தில் ஒன்பது பேர் அதையே செய்வார்கள். நானும் செய்திருப்பேன்.

பைத்தான் 3-இல் ரவுண்ட், சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாயும். 112.50 என்றால் 112. 117.50 என்றால் 118. இது பிழையே இல்லை. பாதியை எப்போதும் மேலே தூக்கினால் நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டே போகும். அதைத் தவிர்க்கத்தான் இந்த முறை. பைத்தானின் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. பைத்தான் 2-இல் வேறு மாதிரி, பாதி வந்தால் பூஜ்யத்திலிருந்து விலகிப் போகும், 112.50 அங்கே 113. 2008-இல் வந்த பைத்தான் 3 அதை மாற்றியது. பழைய பாடங்களைப் படித்தவர்கள் இதில் இன்னும் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தோம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் நியூமெரிக் வகை எண்ணில் ரவுண்ட் செய்தால் 112.50 என்பது 113 ஆகும். எங்கள் மாதாந்திர அறிக்கை டேட்டாபேஸிலேயே கணக்கிடப்படுகிறது. ஆக, முதலாளி பார்க்கும் அறிக்கையில் 113, தொழிலாளி கையில் வாங்கும் சீட்டில் 112. மூன்று வாரமாக இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. சீட்டைத் தன் கணக்கோடு ஒப்பிட்டவர் அந்த நோட்டுக்காரர் மட்டும்தான்.

வேறு எங்கெல்லாம்?

ஒரு இடம் தெரிந்தால் போதாது. ரிப்கிரெப் என்ற தேடும் கருவியை ஓட்டினோம். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது. வேகம் ஒரு பக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது, கிட் கண்டுகொள்ளாத ஃபைல்களை அதுவும் கண்டுகொள்ளாமல் விடுவது. எங்கள் ஃபோல்டரில் பழைய பேக்கப்புகளும் தரவிறக்கிய நூலகங்களும் குப்பையாகக் கிடக்கும். எடிட்டரில் தேடினால் அவை எல்லாம் முடிவில் வந்து நிற்கும். ரிப்கிரெப் எங்கள் சொந்த நிரலில் மட்டும் தேடி 17 இடங்களைக் காட்டியது.

அந்த 17-ஐயும் ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் விஷயத்தின் ஆழம் புரிந்தது. ஒரே ஆளின் கணக்கில் மூன்று இடங்களில் முழு ரூபாயாக்க வேண்டியிருக்கிறது, மூன்றுக்கும் விதி ஒன்றல்ல. கூலி, யூனிட்டின் வழக்கப்படி. பிஎஃப் பிடித்தம் 12 சதவீதம், பக்கத்து ரூபாய்க்கு, 50 காசும் அதற்கு மேலும் என்றால் அடுத்த ரூபாய். இஎஸ்ஐ பிடித்தம் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், எந்தப் பின்னம் வந்தாலும் அடுத்த ரூபாய். 8,010 ரூபாய் சம்பளத்துக்கு பிஎஃப் 961 ரூபாய் 20 காசு, அதனால் 961. இஎஸ்ஐ 60 ரூபாய் ஏழரைக் காசு, அதனால் 61. இந்த மூன்றுக்கும் நிரலில் ஒரே மாதிரி ஒரு வரி இருந்தால், குறைந்தது ஒன்றாவது தப்பு என்றே பொருள்.

சரிசெய்ய, தசமக் கணக்குக்கென்றே பைத்தானில் இருக்கும் டெசிமல் தொகுப்புக்கு மாறினோம். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. டெசிமலுக்கு மாறினால் மட்டும் போதாது, அதன் இயல்பான முறையும் பாதியை இரட்டைப்படைக்குத் தள்ளுவதுதான். எந்த முறை வேண்டும் என்பதை நாமே எழுதிச் சொல்ல வேண்டும். இப்போது கூலிக்கு ஒன்று, பிஎஃபுக்கு ஒன்று, இஎஸ்ஐக்கு ஒன்று என மூன்று தனித்தனிச் செயற்கூறுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஏன் இப்படி என்று தமிழில் இரண்டு வரி. ரவுண்ட் என்பதை நேரடியாக வேறெங்கும் கூப்பிடக் கூடாது.

அப்புறம் சோதனைகள். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் எண்களின் பட்டியலைக் கொடுத்து ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். பட்டியலை நாங்கள் யோசித்து எழுதவில்லை. சூப்பர்வைசர் மூலம் அந்த அக்காவிடம் அனுமதி கேட்டு, நோட்டின் ஆறு வாரப் பக்கங்களை வரிக்கு வரி உள்ளிட்டோம். பெயர் வேண்டாம், ஜோடியும் ரேட்டும் ரூபாயும் போதும். அந்த ஃபைலின் பெயர் தமிழிலேயே 'நோட்டு'. எங்கள் சோதனைகளில் நான் மிகவும் நம்புவது அதைத்தான், ஏனென்றால் அந்த எண்கள் ஒருவர் உண்மையில் உட்கார்ந்து தைத்தவை.

தமிழில் ஃபைல் பெயர் வைத்ததும் கிட் அதைத் திரையில் 340, 256, 250 என்று எண்களாகக் காட்டியது. ந என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் அவை. ஆங்கிலமல்லாத பெயர்களைக் கிட் இயல்பாக இப்படித்தான் காட்டும். 'க்வோட்பாத்' (core.quotePath) என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும். ஒரு வரி அமைப்புதான். இது தெரியாமல் தமிழ்ப் பெயரையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

மூன்று வாரக் கூலியைத் திரும்பக் கணக்கிட்டது

யூனிட்களின் பழைய பதிவுகளைப் புதிய நிரலில் ஓட்டி வித்தியாசம் எடுக்க வேண்டும். அன்று காட்பாடியில் மதியம் கரன்ட் போனது. யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். அதற்குமேல் நெட்டும் போய், சர்வரோடு இருந்த இணைப்பு அறுந்தது. இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டியிருந்ததால் அது தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. கரன்ட் வந்ததும் மறுபடி இணைந்தோம், விட்ட இடம் அப்படியே இருந்தது. கோடையில் இங்கே வேலை செய்கிற யாரும் முதலில் பழக வேண்டிய கருவி இதுதான் என்பேன்.

பாக்கி மொத்தம் ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. ஆள்வாரியாகப் பட்டியல் அனுப்பினோம். அடுத்த சனிக்கிழமை சீட்டில் 'முன்வாரப் பாக்கி' என்று தனி வரியாக வந்தது.

பழக்கமானவையும் ஆகாதவையும்

இதற்கு ஒரு வருடம் முன்பு, 30 கருவிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் குழுவுக்குக் கொடுத்திருந்தேன். யாரும் தொடவில்லை. எல்லோரும் விம் எடிட்டருக்கு மாற வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தால் இரண்டு வாரம் வேலைதான் கெட்டது. கையில் வலி இருக்கும்போது கொடுத்த மருந்து மட்டுமே ஒட்டியது. பைசெக்ட்டை இப்போது நால்வருமே பயன்படுத்துகிறார்கள், யாரும் யாருக்கும் பாடம் எடுக்காமலே.

கமிட் செய்யும் முன் பிளாக்கும் சோதனைகளும் தானாக ஓடும்படி ப்ரீ-கமிட் என்ற கருவியை வைத்தோம். முதல் வாரம் எல்லாச் சோதனையையும் அதில் போட்டேன். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளே எல்லோரும் அதைத் தாண்டிப் போகும் வழியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. இப்போது கமிட்டில் பிளாக்கும் 'நோட்டு' சோதனையும் மட்டும், சில நொடிகள். மற்றவை சர்வருக்குத் தள்ளும்போது ஓடும்.

அடுக்கு மாற்றமும் பொருள் மாற்றமும் ஒரே கமிட்டில் வரக் கூடாது என்பது இப்போது உறுதியான விதி. அடுக்கு மட்டும் மாறிய கமிட்களின் எண்களை ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலைக் கிட்டுக்குக் காட்டிவிட்டால், யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டும் 'பிளேம்' கட்டளை அவற்றைத் தாண்டி உண்மையான மாற்றத்தைக் காட்டும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. அந்தக் கமிட்டை இளையவரே இரண்டாகப் பிரித்து எழுதிக் காட்டினார். கையால் செய்த ஆறு திருத்தங்களும் தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தோடு. இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்தபிறகே ஓகே சொன்னேன்.

பேரணாம்பட்டில் ஒரு யூனிட் மட்டும் பாக்கி. அங்கே கணினியில் நெட் இல்லை, பழைய பதிப்பு இன்னும் ஓடுகிறது. திருத்தத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போகிறேன். தைக்கிறவர்களில் யாராவது சொந்தமாக நோட்டு வைத்திருக்கிறார்களா என்று அங்கேயும் கேட்க வேண்டும்.